நின்று பேசுகிறவர்

அண்ணன் முதன்முதலாகக் கம்பில்லாமல் நடந்து காட்டிய அன்று நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் தரையை உரசுகிறதா, தூக்கி வைக்கிறாரா என்று கவனிக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். குசினி வாசலில் தொடங்கித் தெருக்கதவு வரை வந்து சேர்ந்தார். விரல் உரசவில்லை. நான் நிமிர்ந்தபோது அவர் கதவைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். எப்போதிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தாரோ எனக்குத் தெரியாது.

"ஏளா, பாஸா பெயிலா?" என்றார்.

"பாஸ்" என்றேன். அதை நான் சொன்ன வேகம் எனக்கே பிடிக்கவில்லை.

அவருக்கு வாதம் அடித்தது யுத்தம் முடிந்த மறு வருஷம், மாதா கோயில் திருவிழா கழிந்து சில நாளில். துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்க்கிற வேலை அவருக்கு. எங்கள் ஊர்க் கடல் கரையோரத்தில் ஆழமில்லாதது. கப்பல்கள் கண்ணுக்கெட்டுகிற தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கை அங்கே கொண்டுபோகும். தோணியில் ஏறுகிற மூட்டைகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். அன்று கொழும்புக்குப் போகிற வெங்காய மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் பாதியில் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். பிறகு பென்சில் விழுந்தது. பிறகு அவரும் சாய்ந்தார்.

இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வீட்டு மைனி ஆஸ்பத்திரிக் கட்டிலோரம் நின்று, "வாயத் தவிர எல்லாம் போச்சே" என்று அழுதாள். "அதுவும் போயிருந்தா தெருவுல ஒனக்குப் போட்டிக்கு ஆளில்லாம போயிருக்கும்" என்றார் அண்ணன், கிடந்தபடியே.

அண்ணி காலமாகிப் பல வருஷமாகிறது. அவர்கள் மகன் கொழும்பில் ஒரு கடையில் இருந்தான். கல்யாணமில்லாத நான் கன்னியாஸ்திரீகள் நடத்துகிற பெண்கள் பள்ளியில் டீச்சர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவரைத் தூக்கி உட்காரவைப்பதும், சுவரைப் பிடித்து நிற்கவைப்பதும், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடக்கப் பழக்குவதும் என் வேலையாயிற்று. பள்ளிக்கூட நேரத்தில் மைனி பார்த்துக்கொள்வாள். இதை நான் பாரம் என்று நினைத்ததில்லை. நினைத்ததில்லை என்றுதான் வெகு நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் நாற்காலியைத் தள்ளி நடக்கத் தொடங்கிய சமயத்தில் மறைமாவட்டப் பள்ளிகளை நிர்வகிக்கிற பாதிரியார் சுவாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். சாத்தான்குளத்துக்கு மேற்கே ஒரு பெண்கள் பள்ளி. தலைமை ஆசிரியையாக இருந்தவர் உடம்பு முடியாமல் விலகுகிறார். கோடை விடுமுறை கழிந்து திறக்கும்போது நான் போய்ப் பொறுப்பேற்க முடியுமா என்று கேட்டார். "ஒங்க அண்ணன் நெலம எனக்குத் தெரியும். அவர் தனியா நடமாடுற அளவுக்கு வந்துட்டார்னா சொல்லுங்க. பெரிய வெள்ளிக்கு முன்னால பதில் சொன்னாப் போதும்" என்றார்.

நான் மற்ற டீச்சர்களுக்குக் கீழேயே பல வருஷம் வேலை பார்த்தவள். என்னிடம் படித்த பெண்கள் வந்து எனக்கு மேலாளாக உட்கார்ந்ததும் உண்டு. எந்த வகுப்பில் யார், எந்த மணிக்கு எந்தப் பாடம், மழை நாளில் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பது என்பதையெல்லாம் நானே தீர்மானிக்கிற ஒரு பள்ளி வேண்டும் என்று இருந்தது எனக்கு. அந்த ஆசையை யாரிடமும் சொன்னதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தன் இடது கையை வலது கையால் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் சீக்கிரம் நடக்கணும்" என்றார்.

அன்று முதல் அவர் காலைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பள்ளியின் ஓட்டுக்கூரையும் எனக்குச் சேர்ந்து தெரிந்தது. ஒரு மனிதர் எழுந்து நிற்பதைப் பார்க்கிற சந்தோஷத்துக்கு அடியில் அது கிடந்தது. இரவு ஜெபத்தில் அவர் குணமாக வேண்டும் என்று கேட்பேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று எனக்குள்ளேயே ஒரு கேள்வி வரும். ஜெபத்தைத் திரும்பத் தொடங்குவேன்.

டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர், இளம் வயது, யுத்தத்தில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தவர். அண்ணனை வராந்தாவில் நடக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"டாக்டர் பாக்குறார்னா எல்லாரும் கொஞ்சம் நல்லாவே நடப்பாங்க. நான் பாக்குறது கொஞ்ச நேரம். நாள் முழுக்கப் பாக்குறது நீங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க, அத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும்" என்றார்.

எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுகிறாரா. திரும்பும்போது தடுமாறுகிறாரா. நிலைப்படியைத் தாண்டும்போது எந்தக் காலை நம்புகிறார். செருப்பு எந்தப் பக்கம் தேய்கிறது. முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், கடைசியாகத் தெருவில்.

பரீட்சை வைப்பது எனக்குத் தெரிந்த வேலை. பள்ளியிலிருந்து சாக்குக்கட்டி கொண்டுவந்து கூடத்துச் சிமெண்டுத் தரையில் கோடு போட்டேன். முற்றத்து மணலைக் காலையில் துடைப்பத்தால் ஒரே சீராக்கி வைப்பேன். அவர் நடந்த பிறகு குனிந்து தடத்தைப் பார்ப்பேன். வலது பாதம் அச்சாகப் பதிந்திருக்கும். இடது பாதத்துக்கு முன்னால் விரல் இழுத்த கீறல் ஒன்று கிடக்கும். நாளாக நாளாக அந்தக் கீறல் குறுகிக்கொண்டே வந்தது.

எல்லாப் பரீட்சைக்கும் உள்ள விதி இதற்கும் உண்டு: பேசக் கூடாது. அண்ணன் நடந்துகொண்டே ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "நடங்க. பெறகு பேசலாம்" என்பேன். மைனி சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, பட்டாளத்துல சேரப் போறியளா?" என்று கேட்டால் கையை உயர்த்தி அவளை அடக்குவேன்.

"ஒங்க தங்கச்சிக்கிட்ட ஒண்ணாங் கிளாஸ் படிக்கிறதுக்குக் கடலுக்குப் போயிரலாம்" என்பாள் மைனி.

"அதுக்கும் இவ பரீட்ச வைப்பா" என்பார் அண்ணன், முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்து நின்ற பிறகு.

போய்ச் சேர்ந்து நின்ற பிறகுதான் சொல்வார். அப்போது அதை நான் கீழ்ப்படிதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கிறிஸ்மஸ் கழிந்து அவர் தெருவுக்கு வந்தார். முதலில் மூலைக்கடை வரை. பிறகு மாதா கோயில் வரை. பிறகு கடற்கரைச் சாலைக்கு. நான் குடையை வைத்துக்கொண்டு கொஞ்சம் பின்னால் போவேன். தனியாக நடக்கிறார் என்ற தைரியம் அவருக்கு வர வேண்டுமே.

இந்த இடத்தில் அண்ணன் முன்பு எப்படி நடப்பார் என்று சொல்ல வேண்டும். மேல்துண்டு பறக்க நடப்பார். எங்கள் தெருக்களில் வயதில் இளையவர்கள் பெரியவர்களைக் கண்டால் "தோத்திரம்" சொல்வார்கள். பெரியவர்கள் திருப்பிச் சொல்லி, கொஞ்சம் நின்று, வீட்டு விஷயம் விசாரிப்பார்கள். அண்ணன் நிற்கவே மாட்டார். தலையை ஒரு வெட்டு வெட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். துறைமுகத்தில் அவர் வருவதைக் கண்டால், "கப்பல் வருதுலே, வழிய விடு" என்பார்களாம். அவருக்கு அதில் பெருமை. வேலைக்காரன் வழியில் நின்று கதையளக்க மாட்டான் என்பது அவர் கொள்கை.

நோய்க்குப் பிறகு அதே மனிதர் "தோத்திரம் ஐயா" என்ற குரல் கேட்ட இடத்தில் நின்றார். முழுதாக நின்று, அவர்கள் பக்கம் திரும்பி, "தோத்திரம், நல்லாருக்கியா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டு முடித்து, அவர்கள் போன பிறகுதான் அடுத்த எட்டு வைத்தார். மாதா கோயிலுக்குப் போய்வர முன்பு பிடித்ததைவிடப் பல மடங்கு நேரம் பிடித்தது. தெருவே அதைப் பார்த்தது.

வாசலுக்கு மீன் கொண்டுவருகிறவள் கூடையை இறக்கிவைத்துவிட்டே சொன்னாள்: "முந்தி ஐயாவுக்குத் தோத்திரம் சொன்னா காத்துதான் பதில் சொல்லும். இப்ப நின்னு எம் மருமவ பேறுகாலம் வரைக்கும் கேக்காவ. சீக்கு வந்தாலும் இப்படில்லா வரணும்."

"ஒனக்கு வரட்டும், நீ மீன நிறுத்துக் குடுக்கத நானும் பாக்கேன்" என்றார் அண்ணன், நின்றபடி.

மைனி என்னிடம் தனியாகச் சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. "ஒங்க அண்ணி இருக்கும்போது இப்படி ஒரு தடவ நின்னு பேசியிருந்தா அவ மனசு குளுந்திருக்கும். மாதா ஒரு கைய வாங்கிக்கிட்டு ஒரு மனுசனத் தந்திருக்கா, டீச்சர்."

எனக்கும் அப்படியே தோன்றியது. சொல்லப்போனால் அதில் எனக்கு ஓர் ஆறுதல். அவர் இப்படி ஊரோடு பழகிவிட்டால் நான் போன பிறகு நாலு பேர் அவரைப் பார்த்துக்கொள்வார்கள். என் ஆசைக்கு அவர் மரியாதை துணைக்கு வந்த மாதிரி இருந்தது.

டாக்டரிடம் ஒன்றையும் விடாமல் சொன்னேன். எழுவது, திரும்புவது, நிலைப்படி, செருப்பு, தெரு. "யாராவது பேசினால் நின்று மரியாதையாகப் பேசிவிட்டுத்தான் நடக்கிறார்" என்றும் சேர்த்தேன். டாக்டர் சிரித்தார். "நல்ல பழக்கந்தானே? அவசரப்பட மாட்டார்" என்றார். சமைத்துப்போட ஓர் ஆள் இருந்தால் அவர் தனியாக இருக்கலாம் என்று முடிவு சொன்னார். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் நான் சுவாமியிடம் போய்ச் சம்மதம் சொன்னேன். வீட்டுக்கு வருகிற வழியில் என் நடையும் வேகமாக இருந்ததை நானே கவனித்தேன்.

அதற்கு அடுத்த வாரம் அண்ணன் துறைமுகம் வரை போக வேண்டும் என்றார். கூட வேலை பார்த்தவர்களைப் பார்க்க வேண்டுமாம். நான் பின்னால் போனேன். கடற்கரைச் சாலையைத் தாண்டியதும் சரக்கு வண்டிகளுக்கான தண்டவாளம் வழியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும். கேட் கிடையாது. வண்டிகளைத் தள்ளும்போது கொடிக்காரர் ஒருவர் நின்று ஆட்களை நிறுத்துவார். அப்போது எஞ்சின் தூரத்தில் நின்றிருந்தது, கொடி இறங்கியிருந்தது, ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். அண்ணனும் தண்டவாள மேட்டில் ஏறினார். முதல் தண்டவாளத்தைச் சரியாகத் தாண்டினார். இடது விரல் இடிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்தப் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து மூட்டை தூக்குகிற ஒருவர் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். "தோத்திரம் ஐயா! வந்துட்டியளா!"

அண்ணன் நின்றார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் நின்று, அவரைப் பார்த்துத் திரும்பி, "தோத்திரம்! எப்பிடி இருக்க?" என்று கேட்டார்.

எஞ்சின் ஊதியது. பின்னாலிருந்த வண்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நகரத் தொடங்கின. கொடிக்காரர் கொடியை உயர்த்தினார். கடையில் நின்றவர் புரியாமல் இன்னும் சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தினேன்.

"அண்ணே! வாங்க!"

அவர் ஒரு கால் எடுத்துவைக்கப் போனவர். என் குரல் கேட்டதும் அந்தக் காலைத் திரும்ப ஊன்றினார். உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பி, நிதானமாக, "என்னளா?" என்றார்.

அந்த முகத்தை நான் மறக்க முடியாது. அதில் பயமே இல்லை. தங்கை கூப்பிடுகிறாள், பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கொடிக்காரர் ஓடிவந்து அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். வண்டிகள் மெதுவாகத்தான் வந்தன. அவை கடந்து முடிகிற வரை அந்தப் பக்கம் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி வண்டி போன பிறகு பார்த்தால் அண்ணன் தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொடிக்காரர் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"தண்டவாளத்துல நின்னா குசலம் விசாரிக்கது? கலெக்டர் வந்தாக்கூட இப்பிடி நின்னு பேசமாட்டாரே!"

"கலெக்டருக்கு இம்புட்டு ஆளு தெரியாதுலா" என்றார் அண்ணன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரைக் காப்பாற்றக் கத்தியவள் நான். அவரை அங்கே நிறுத்தியதும் அந்தக் கத்தல்தான்.

வீட்டுக்கு வருகிற வழியில் ஒரு வார்த்தை பேசாமல் அவர் பக்கத்தில் நடந்தேன். அவரும் நன்றாகவே நடந்தார். முற்றத்துக்கு வந்ததும், அவர் கிணற்றைப் பார்த்து நடந்துகொண்டிருக்கும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டேன்.

"நேத்து ராத்திரி என்ன குழம்பு வச்சேன்?"

நின்றார். "சாளைக் குழம்பு" என்றார். பிறகு நடந்தார்.

"கொழும்பிலிருந்து பிள்ள ஏதும் தகவல் சொன்னானா?"

நின்றார். என்னைப் பார்த்தார். நான் ஏன் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நடந்துகிட்டே சொல்லுங்க" என்றேன்.

"முடியாதுளா."

"முயற்சி பண்ணிப் பாருங்க."

"பாத்துட்டேன். நீ இல்லாத நேரமெல்லாம் பாத்துட்டேன். கால நெனச்சாத்தான் காலு வருது. வாயத் தொறந்தா கால் எங்கன இருக்குன்னே மறந்துபோகுது. அதான் நின்னுக்கிடுதேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீதான பரீட்சையில பேசக் கூடாதுன்ன" என்றார். சிரிக்கப் பார்த்தார், நான் சிரிக்கவில்லை. கிணற்றுக் கட்டில் உட்கார்ந்துகொண்டார். "சொன்னா நீ போகமாட்ட. ஒனக்குன்னு ஒரு பள்ளிக்கூடம் வருது. எங் காலு அதுக்குக் குறுக்க நிக்கணுமா?"

ஊரே மரியாதை என்று கொண்டாடியது அதைத்தான். நான் நாள் தவறாமல் பார்த்து, டாக்டரிடமும் சேர்த்துச் சொல்லி, நல்ல குணமாக அவர் கணக்கில் வைத்ததும் அதைத்தான். கால் விரலையும் செருப்பையும் மணலையும் பார்த்த எனக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று பல நாள் யோசித்திருக்கிறேன். தெரிய வேண்டாம் என்று இருந்தது எனக்கு. அதற்கு மேல் அதில் சூட்சுமம் ஒன்றுமில்லை.

டாக்டரிடம் மறுநாளே போய்ச் சொன்னேன். அவர் முகம் மாறியது. அண்ணனை வராந்தாவில் நடக்கவிட்டு ஊர்ப் பெயர்களைக் கேட்டுப் பார்த்தார். அவர் ஒவ்வொரு பெயருக்கும் நின்றார். "இத நான் கவனிச்சிருக்கணும். நீங்க சொன்னப்போ சிரிச்சேனே" என்றார் டாக்டர். வீட்டுக்குள் பயமில்லை, தெருவில் கூட ஒரு ஆள் வேண்டும், இது சரியாகுமா என்று சொல்வதற்கில்லை என்றார்.

சுவாமியிடம் போய், நான் அந்தப் பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அண்ணன் கதவருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு வழியை மறித்தார்.

"நீ இப்பப் போய் மாட்டேன்னு சொன்னா, நான் நாளைக்கே அந்தத் தண்டவாளத்துல போய் நிப்பேன். எவன் தோத்திரம் சொன்னாலும் சொல்லாட்டாலும் நிப்பேன்."

"அப்படியெல்லாம் பேசாதீங்க."

"பின்ன என்ன செய்யச் சொல்லுத? ஒன்ன இங்கன கட்டிப்போட்டுட்டு நான் குசினிக்கும் வாசலுக்கும் நடக்கவா?" பிறகு அவர் வழக்கமான குரல் வந்தது. "ஒண்ணு செய்யி. என்னையும் மூட்டையோட மூட்டையா ஏத்திக்கிட்டுப் போ. அந்தப் பனங்காட்டுல எனக்கு யாரத் தெரியும்? எவன் தோத்திரம் சொல்லப் போறான்? கூப்பிட ஆளில்லன்னா நான் பாட்டுக்கு நடந்துக்கிட்டே கெடப்பேன்."

அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த இடத்திலேயே அதைப் பிடித்துக்கொண்டேன். "நிஜமாவே வருவீங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னத் திகைப்பு வந்து போனது. "வாரேன்" என்றார்.

அவர் பிறந்ததும் வளர்ந்ததும் வேலை பார்த்ததும் அந்தக் கடற்கரையில். வாழ்நாள் முழுவதும் யாருக்கும் நிற்காமல் போனவர், காலின் கட்டாயத்தால் நிற்கப் போய், இத்தனை பேர் தன்னை விசாரிக்கிறார்கள் என்று அந்த நாலைந்து மாதத்தில்தான் கண்டுகொண்டார். தோணிக்காரர்களின் பிள்ளைகள் பெயரெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. சாயங்காலமானால் சட்டையைப் போட்டுக்கொண்டு காத்திருப்பார். கால் சரியில்லாததால் கிடைத்த அதை, கால் பத்திரமாக இருக்க வேண்டும் என்று சொல்லி நான் பிடுங்கினேன். எனக்கு ஒரு பள்ளி வேண்டும் என்பதை அதற்குள் மடித்து வைத்தேன்.

நாங்கள் புறப்பட்ட அன்று மைனி அழுதுகொண்டே பஸ் வரை வந்தாள். "ஒப்பு வைக்காதளா, செத்தா போறேன்?" என்று அண்ணன் அவளை அதட்டினார். பஸ் எங்கள் ஊரை அடுத்த புதுக்கோட்டைக் கிராமத்தைத் தாண்டுகிற வரை அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவில்லை. கடல் இந்தப் பக்கத்தில் தெரியாது என்று நான் சொல்லவில்லை.

புது ஊரில் பள்ளிக்குப் பக்கத்திலேயே எங்களுக்கு வீடு. செம்மண் பாதை ஒன்று வீட்டிலிருந்து பள்ளி வழியாகச் சின்னக் கோயில் வரை போகும். ஊரில் அதிகம் பேர் பனைத்தொழிலும் கடையும் வைத்திருந்த இந்துக் குடும்பங்கள். நல்லவர்கள், ஆனால் அண்ணன் யார் என்று தெரியாதவர்கள். அவரைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். அண்ணன் சொன்னபடியே ஆயிற்று. கூப்பிட ஆளில்லாத பாதையில் அவர் நடை சீராக வந்தது. அந்தப் பாதையில் நான் வேண்டுமென்றே பின்தங்கி, அவர் தடத்தைப் பார்ப்பேன். செம்மண்ணில் கீறலே இல்லை.

பிறகு பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தெரிந்துகொண்டார்கள். தலைமை டீச்சரின் அண்ணன் என்றால் சும்மா விடுவார்களா? "கும்பிடுதேன் ஐயா" என்று முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் குரல் வரும். அண்ணன் நிற்பார். முதல் நாள் அவர் வீட்டுக்கு வந்தபோது சட்டைப் பையில் நாலைந்து புளியம்பழம் இருந்தது, பிள்ளைகள் கொடுத்ததாம். இரண்டு வாரம் கழிந்து, ஒரு சின்னப் பெண் பின்னாலிருந்து ஓடிவந்து கூப்பிட, அவர் திரும்பினார், இடது கால் வரவில்லை, விழுந்தார். பாதையின் அந்த இடத்தில் சுற்றுச்சுவரில்லாத பழைய கிணறு ஒன்று உண்டு. அதற்கு இந்தப் பக்கமாகத்தான் விழுந்தார். முழங்கால் உரிந்தது, வேறொன்றுமில்லை.

மறுநாள் காலை ஜெபத்துக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றபோது நான் சொன்னேன்: "வழியில் ஐயாவைக் கண்டால் யாரும் கூப்பிடக் கூடாது. வணக்கம் சொல்லக் கூடாது. பேசாமல் ஓரமாகப் போக வேண்டும்." ஏன் என்று சொல்லவில்லை. அவருக்கு இப்படி ஒரு குறை என்று பிள்ளைகளிடம் சொல்வது அவருக்கு அவமானம் என்று நினைத்தேன். காரணம் சொல்லப்படாத கட்டளைக்குப் பிள்ளைகள் தாங்களே ஒரு காரணம் வைத்துக்கொள்வார்கள் என்பது இத்தனை வருஷம் டீச்சராக இருந்த எனக்குத் தெரியாதா? அந்தப் பெண் தள்ளிவிட்டதால் ஐயா கோபமாக இருக்கிறார் என்று அவர்களுக்குள் பேச்சு. அவரைத் தூரத்தில் கண்டாலே உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, தலையைக் குனிந்து, சுவரை உரசிக்கொண்டு போனார்கள்.

இரண்டு வருஷமாகிறது. அண்ணன் விழவில்லை. கோயிலுக்கும் கடைக்கும் தனியாகப் போய்வருகிறார். போன விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது டாக்டர் அவரை நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். "இவ்வளவு நல்லா வரும்னு நான் எதிர்பாக்கல. என்ன செஞ்சீங்க?" என்று கேட்டார்.

"அமைதியான ஊர்" என்றேன்.

நேற்றுச் சாயங்காலம் பள்ளி விட்ட நேரம். நான் அலுவலக அறைச் சன்னலில் நின்றிருந்தேன். அண்ணன் பாதையில் வந்துகொண்டிருந்தார், பிள்ளைகள் எதிரே. வழக்கம்போல அவர்கள் ஓரம்போனார்கள். அண்ணன் நின்றார். யாரும் கூப்பிடவில்லை, அவராகவே நின்றார். கடைசியாகப் போன பெண்ணிடம் ஏதோ கேட்டார். அந்தப் பெண் என் சன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் ஓடிவிட்டாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் நான் காப்பி கொடுத்தேன்.

"ஒம் பிள்ளையள் ரொம்ப அடக்கம்" என்றார். "ஒரு பேச்சு கெடையாது. நான் அவ்வளவு கடுகடுன்னா இருக்கேன்?"

"புது ஆளுன்னா கூச்சப்படுவாங்க" என்றேன்.

"ரெண்டு வருசமாவா?" என்று கேட்டுவிட்டு, காப்பியைக் குடிக்கத் தொடங்கினார். நான் டம்ளரை வாங்கிக்கொள்வதற்காக அங்கேயே நின்றேன். மறுநாள் காலை ஜெபத்தில் அந்தக் கட்டளையை மாற்றிச் சொல்லலாமா, ஐயா உட்கார்ந்திருக்கும்போது மட்டும் பேசலாம் என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வருஷம் அவர்களை ஏன் அடக்கினேன் என்றும் சொல்ல வேண்டியிருக்கும், பிள்ளைகளிடம் மட்டுமல்ல, அண்ணனிடமும். அவர் டம்ளரை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு குசினிக்குப் போனேன்.